மாத்திரையை விட்ட வாரம்

ஜொகூர் பாருவின் பெர்மாஸ் ஜெயாவில் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பும் சந்திப்பில், சிவப்பு விளக்குக்காகக் காரை நிறுத்தியிருந்த ஃபரீஹா, ஸ்டியரிங்கில் கை வைத்தபடியே தூங்கிப்போனாள்.

தூங்கினோம் என்பதே அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. முதலில் ஹார்ன் சத்தம். அதையும் மீறிக்கொண்டு, "உம்மா! உம்மா!" என்று பின்சீட்டிலிருந்து மகள் ஆப்ரின் கத்துவது கேட்டது. கண்ணைத் திறந்தால் கார் நிறுத்திய இடத்தில் இல்லை. பிரேக்கிலிருந்து கால் நழுவி, வண்டி தானாக ஊர்ந்து சந்திப்பின் நடுவுக்கு வந்திருந்தது. அலறிக்கொண்டு பிரேக்கை மிதித்தாள். மண் ஏற்றிய லாரி ஒன்று அவளுடைய கதவுக்கு ஒரு கை தூரத்தில் குறுக்காக நின்று உறுமிக்கொண்டிருந்தது.

லாரிக்காரர் வயதான மலாய்க்காரர். இறங்கி ஜன்னலோரம் வந்தார். திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டாள். அவரோ பின்சீட்டில் சீருடையோடு அழுதுகொண்டிருந்த பிள்ளையைப் பார்த்துவிட்டு, "காக், சாகிட் கா?" என்றார். உடம்புக்கு முடியவில்லையா என்று ஒரு வேற்று மனிதர் இவ்வளவு மெதுவாகக் கேட்கிறாரே. தலையை மட்டும் ஆட்டினாள்.

பள்ளி வாசலில் இறங்கும்போது ஆப்ரின் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, "வாப்பாகிட்ட சொல்ல மாட்டேன்மா," என்றாள்.

ஏழு வயதுப் பிள்ளை. வாப்பாவிடம் மறைக்க வேண்டியது ஏதோ உம்மாவிடம் இருக்கிறது என்று அதற்கு எப்படித் தெரிந்தது? லாரியைவிட அந்த ஒரு வார்த்தைதான் ஃபரீஹாவை உலுக்கிப்போட்டது.

மறைக்க வேண்டியது அவளுடைய கைப்பையில், காலியான பவுடர் டப்பாவுக்குள் இருந்தது. சின்னச் சின்ன மாத்திரைகள். அன்று எழுந்ததும் ஒன்று, காலைப் பசியாறியதும் இன்னொன்று போட்டிருந்தாள்.

சில வருடங்களுக்கு முன்பு அவள் சிங்கப்பூரில் ஒரு சரக்கு நிறுவனத்தில் வேலை பார்த்தாள். விடியுமுன் ஜொகூர் பாருவில் பஸ் ஏறிப் பாலத்தைத் தாண்டுவாள். இருட்டிய பிறகு திரும்புவாள். ஒருநாள் காலை பாலத்தின் நடுவில் நெரிசலில் பஸ் நின்றுவிட்டது. முன்னாலும் பின்னாலும் வண்டிகள், இரண்டு பக்கமும் கடல். திடீரென்று அவளுடைய நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. மூச்சு உள்ளே போகவில்லை. விரல்கள் மரத்துப்போயின. இதோ செத்துப்போகிறேன் என்று நிச்சயமாகத் தெரிந்தது. கதவைத் திறக்கச் சொல்லிக் கத்தினாள். பஸ் முழுக்க அவளைப் பார்த்தது.

கிளினிக்கில் இருதயம் நன்றாகத்தான் இருக்கிறது என்றார்கள். ரொம்பப் பதற்றமாக இருந்தால் மட்டும் ஒன்று போடுங்கள் என்று கொஞ்சம் மாத்திரை கொடுத்தார்கள். போட்ட சற்று நேரத்தில், நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆள் எழுந்து போனதுபோல இருந்தது. உலகத்தில் இவ்வளவு நிம்மதி உண்டா என்று அழுதாள். பிறகு சிங்கப்பூர் வேலையை விட்டாள். கணவன் சுப்ஹானின் சாப்பாட்டுக் கடையில் கல்லாவில் உட்கார்ந்தாள். மாத்திரை மட்டும் கூடவே வந்தது. பதற்றம் வந்தால் போட்டது, பதற்றம் வந்துவிடுமோ என்று போடுவதாக மாறியது. ஒன்று போதாமல் ஆனது. ஒரு கிளினிக்கில் இனிமேல் தரமாட்டேன் என்றதும் மாசாயிலுள்ள இன்னொன்றுக்குப் போனாள், பிறகு லார்க்கினிலுள்ள ஒன்றுக்கு. ஒவ்வொரு இடத்திலும், இப்போதுதான் முதல்முறை இப்படி வருகிறது என்று சொன்னாள். சொல்லும்போது முகம் மாறாமல் இருக்கவும் பழகிக்கொண்டாள்.

அன்று காலை பள்ளியிலிருந்து நேராகப் பெட்ரோல் ஸ்டேஷனுக்குப் போய்க் கழிவறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டாள். பவுடர் டப்பாவைக் கவிழ்த்துத் தண்ணீரைத் திறந்துவிட்டாள். "யா அல்லா, இன்னையோட விட்டேன். எம்புள்ள மேல சத்தியமா விட்டேன்," என்றாள்.

யாரிடம் கேட்டாலும் நல்ல முடிவு என்றுதான் சொல்லியிருப்பார்கள். அந்த நல்ல முடிவே அவளைக் கொல்லப் பார்க்கும் என்று சொல்லக்கூடியவர்கள் மருத்துவர்கள் மட்டும்தான். அவர்களிடம்தான் அவள் இவ்வளவு காலமும் பொய் சொல்லியிருந்தாள்.

முதல் நாள் பெருமையாகவே போனது. மறுநாள் காலையில் தே தாரிக் தேநீர்க் கிளாஸைத் தூக்கியபோது கை ஆடி, மேஜையெல்லாம் சிந்தியது. கடையில் தட்டு அடுக்கும் சத்தம் ஒவ்வொன்றும் காதுக்குள் அறைந்தது. டியூப் லைட்டைப் பார்க்க முடியவில்லை. குளிரூட்டிக்குக் கீழே உட்கார்ந்தும் முதுகில் வியர்வை ஓடியது. படுத்தால் தூக்கம் என்று ஒன்று இருந்த சுவடே இல்லை. கண்ணை மூடினால் தோலுக்கு அடியில் எறும்பு ஊர்ந்தது.

"முகமெல்லாம் வெளுத்துக் கெடக்கே. உண்டாயிருக்கியா?" என்று மாமியார் காதர் பீவி கேட்டாள்.

"இல்ல மாமி. காய்ச்சல் மாதிரி இருக்கு."

காதர் பீவி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. மருமகளின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கடுத்த நாள் மத்தியானம்தான் அது வந்தது.

பள்ளிவிட்டு வந்த ஆப்ரின் மாம்பழம் கேட்டாள். ஃபரீஹா அடுக்களையில் நின்று நறுக்கிக்கொண்டிருந்தாள். பிள்ளை கூடத்தில் தரையில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தது. சட்டைக் காலருக்கு மேலே அதன் பிடரி தெரிந்தது. கையிலிருக்கும் கத்தியோடு அந்தப் பிடரியைச் சேர்த்து ஒரு எண்ணம் ஃபரீஹாவின் மனதில் ஓடியது. அவள் நினைக்கவில்லை, அதுவாக வந்தது. வந்த வேகத்தில் படமாகவும் தெரிந்தது.

கத்தி தொட்டியில் விழுந்த சத்தம் அவளுக்கே கேட்கவில்லை. சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள். நான் யார்? எனக்குள் இப்போது பேசியது யார்?

பிறகு செய்ததெல்லாம் அவசர அவசரமாக நடந்தது. வீட்டிலிருந்த கத்தி, கத்தரிக்கோல், தேங்காய் உடைக்கும் அரிவாள் எல்லாவற்றையும் ஒரு துண்டில் சுற்றிக் கொண்டுபோய், காரின் பின்பெட்டியில் உதிரிச் சக்கரத்துக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். சாவியை, சாப்பாடு கொண்டுவந்த கடை வேலையாளிடம் கொடுத்து, சுப்ஹானிடம் சேர்க்கச் சொன்னாள். திரும்பி வந்து, தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பழம் வராததால் ஆப்ரின் தேடிக்கொண்டு வந்தாள். கதவைத் தள்ளித் தாயின் இடுப்பைக் கட்டிக்கொள்ள ஓடிவந்தாள்.

"கிட்ட வராத! போ! வெளிய போ!"

அது கத்தல் இல்லை, அலறல். பிள்ளை பாதி வழியில் உறைந்து நின்றது. உதடு மட்டும் நடுங்கியது. அதன் பின்னால் வாசலில் காதர் பீவி நின்றிருந்தாள். பேத்தியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, மருமகளை மேலும் கீழும் பார்த்தாள்.

"கத்தியெல்லாம் எங்க புள்ள?"

"தெரியல மாமி."

காதர் பீவி பேத்தியோடு திரும்பினாள். போய்த் தொழுகைப் பாயை விரித்தாள்.

சுப்ஹான் கடையை வேலையாட்களிடம் விட்டுவிட்டுச் சாயங்காலமே வந்தான். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "என்ன ஆச்சு, சொல்லு லா," என்றான். "நான் எதாவது செஞ்சேனா? கடையில யாரும் எதாவது சொன்னாங்களா?"

சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. தொண்டைக்குள் ஒரு ஊர்ப்பெயர் நின்று மறித்தது. தம்போய். ஜொகூர் பாருவில் யாராவது கிறுக்குத்தனமாகப் பேசினால், தம்போய்க்கு அனுப்பிடுவோம் என்று சொல்லிச் சிரிப்பார்கள். மனநல மருத்துவமனை இருக்கும் இடம் அது. ஃபரீஹாவின் சின்னம்மா ஒருத்தியை அவள் சிறுமியாக இருந்தபோது அங்கே கூட்டிக்கொண்டு போனார்கள். அதன்பிறகு அந்தச் சின்னம்மாவின் பெயரை வீட்டில் யாரும் சொல்லி அவள் கேட்டதில்லை. அந்த ரத்தம்தானே எனக்கும் என்று நினைத்தாள். மாத்திரையை நிறுத்தியதால் இது வருகிறது என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. இவ்வளவு நாளும் மாத்திரை கட்டிப்போட்டிருந்த பைத்தியம் இப்போது அவிழ்ந்துகொண்டது என்றுதான் நினைத்தாள்.

"ஒண்ணுமில்ல மச்சான்," என்றாள். "ஆப்ரின உங்க உம்மாகிட்டயே படுக்கச் சொல்லுங்க."

காலையில் காதர் பீவி மகனிடம் சொல்லிவிட்டாள். "இது கண்ணேறோ வேற என்னமோ, நமக்குத் தெரியாது தம்பி. யோங் பெங்ல ஒரு ஹஜ்ரத் இருக்காங்க. ஓதிப் பாப்பாங்க. என் தங்கச்சி மகளுக்கு அங்கதான் சரியாச்சு. இன்னிக்கே போகலாம்."

ஆப்ரினைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினார்கள். நெடுஞ்சாலையில் ஏறியதும் இரண்டு பக்கமும் செம்பனை மரங்கள் ஓடத் தொடங்கின. மரங்களுக்கு இடையே வெயில் விட்டு விட்டு அடித்தது. வெளிச்சம், நிழல், வெளிச்சம், நிழல். ஃபரீஹா கண்ணை மூடினாள். மூடிய இமைக்குள்ளும் அது அடித்தது. மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து முணுமுணுவென்று ஓதிக்கொண்டிருந்தது, நூறு பேர் ஓதுவதுபோலக் கேட்டது. வாயில் ஏதோ இரும்பைக் கடித்த ருசி வந்தது.

"மச்சான், வண்டிய நிறுத்துங்க," என்று சொன்னது அவளுக்கு நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

யோங் பெங்கில் ஒரு சிறிய கிளினிக்கின் கட்டிலில் கண்ணை விழித்தாள். நாக்கு கிழிந்து வாயெல்லாம் ரத்தம் கசந்தது. பாவாடை நனைந்திருந்தது. தலைக்கு மேலே ஒரு முகம் குனிந்து ஏதோ கேட்டது. அது தன் கணவனின் முகம் என்று கண்டுபிடிக்கவே அவளுக்கு நேரம் பிடித்தது. அவன் சட்டை முழுக்க ரத்தம். என்னமோ செய்துவிட்டேன் என்றுதான் அவளுக்கு முதலில் பட்டது. இவனையா, பிள்ளையையா?

"ஆப்ரின்... ஆப்ரின் எங்க?"

"அவ பக்கத்து வீட்டுல நல்லா இருக்கா. உனக்குத்தான் வலிப்பு வந்துச்சு. இது உன் வாயில வந்த ரத்தம்தான்," என்றான் சுப்ஹான். பேசும்போது அவனுடைய பற்கள் அடித்துக்கொண்டன. அவன் இப்படிப் பயந்து அவள் பார்த்ததில்லை.

ஆம்புலன்ஸில் பத்து பஹாட் நகர மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். ஹஜ்ரத்தைப் பற்றிக் காதர் பீவியும் பேச்செடுக்கவில்லை.

அவசரப் பிரிவில் பார்த்தவர் ரூபேந்திரன் என்ற இளம் மருத்துவர். கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். கையை நீட்டச் சொல்லி, விரல்கள் ஆடுவதைப் பார்த்தார்.

"இதுக்கு முன்னாடி வலிப்பு வந்திருக்கா?"

"இல்ல," என்றான் சுப்ஹான்.

"என்னென்ன மருந்து சாப்பிடுறாங்க?"

"ஒண்ணுமில்ல தம்பி," என்று காதர் பீவி முந்திக்கொண்டாள். "தலவலிக்குக்கூட மாத்திர போட மாட்டா. அவ்வளவு வைராக்கியம்."

மருத்துவர் திரும்பவில்லை. ஃபரீஹாவையே பார்த்துக்கொண்டு, "அவங்க சொல்லட்டும்மா," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அக்கா, மறுபடியும் வலிப்பு வரலாம். அடுத்தது இதவிட மோசமாவும் வரலாம். எதனாலன்னு தெரியாம என்னால சரியான மருந்து கொடுக்க முடியாது. நான் போலீஸ் இல்ல. உங்கள மாட்டிவிட மாட்டேன்," என்றார்.

சுப்ஹான் ஒரு பக்கம், மாமியார் ஒரு பக்கம். வெளியே போகச் சொல்லலாம். ஆனால் அவர்களை வெளியே அனுப்பினாலே விஷயம் வெளிப்பட்ட மாதிரிதான். பாலத்தில் நின்ற பஸ்ஸில் கூட இவ்வளவு பயம் இல்லை. கட்டிலின் இரும்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டு, கூரையைப் பார்த்துச் சொன்னாள்.

"பதட்டத்துக்குப் போடுற மாத்திர. ரெண்டு வருஷத்துக்கு மேல. நெறையப் போட்டேன். திங்கக்கிழம காலையில எல்லாத்தையும் கொட்டிட்டேன்."

"ஒரேயடியாவா?"

"ஆமா."

"இத அப்படி நிறுத்தக் கூடாதுன்னு யாரும் சொல்லலையா?"

"நான் யாருக்கும் சொல்லவே இல்லையே டாக்டர்."

மருத்துவர் தாதியிடம் ஏதோ சொன்னார். நரம்பில் ஊசி ஏறியது. பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மூன்று பேருக்கும் பொதுவாகப் பேசினார். இந்த வகை மாத்திரை மூளையை அமைதியாக வைத்திருக்கிறது. ரொம்ப நாள் போட்டால் மூளை அதை நம்பியே இருந்துவிடுகிறது. திடீரென்று பிடுங்கினால் அடங்கிக் கிடந்த எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பும். நடுக்கம், தூக்கமின்மை, இல்லாததெல்லாம் தோன்றுவது, கடைசியில் வலிப்பு. சில பேர் உயிரையே விட்டிருக்கிறார்கள். "விட நெனச்சது தப்பில்லக்கா. விட்ட முறைதான் ஆபத்து. கொஞ்சம் கொஞ்சமா, மாசக்கணக்குல, டாக்டர் கூட இருந்து விடணும்," என்றார்.

அவர் போனார். காதர் பீவியின் விரல்கள் தஸ்பீஹ் மணிகளின்மேல் அசையாமல் நின்றன.

"திங்கக்கிழமன்னா," என்று சுப்ஹான் மெல்ல ஆரம்பித்தான், "அன்னிக்கு என்ன நடந்துச்சு?"

லாரியைப் பற்றிச் சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை அவன் குறுக்கே பேசவில்லை. முடித்ததும் எழுந்து வெளியே போய்விட்டான்.

இனி வரமாட்டான் என்று ஃபரீஹா நினைத்தாள். நேராக வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவனுடைய அக்கா வீட்டுக்குப் போய்விடுவான். அப்படிப் போனால் அது நியாயம்தான். திரைக்கு வெளியே ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

அவன் வந்தான். கையில் புதிதாக வாங்கிய பாத்திக் கைலியும் ஒரு சட்டையும் இருந்தன. "நனஞ்சதோட கெடக்காத. மாத்திக்க," என்றான். முகத்தைப் பார்க்காமல் தொடர்ந்தான். "எனக்குக் கோவமா இருக்கு ஃபரீஹா. ரொம்பக் கோவமா இருக்கு. இப்ப பேசினா தப்பாப் பேசிடுவேன். ஆனா போயிட மாட்டேன்."

அது மன்னிப்பு இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அன்று கண்ணயர்ந்தாள்.

சில நாள் கழித்து, உடம்பு ஓரளவு தேறியதும், ஜொகூர் பாருவிலுள்ள ஒரு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அந்தப் பெயர்ப் பலகையைப் பார்த்ததுமே காதர் பீவி நின்றுவிட்டாள். "இது தம்போய் மாதிரியா தம்பி? உள்ள போனா விடுவாங்களா?" என்று மகனின் சட்டையைப் பிடித்துக் கேட்டது ஃபரீஹாவின் காதில் விழுந்தது.

காத்திருக்கும் இடத்தில் எதிரே ஒரு சீனக் கிழவர் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு இளைஞன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். ஒரு கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. உள்ளே போகிறவர்கள் மணி அடித்தால்தான் அது திறந்தது. அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்த ஃபரீஹா, "தண்ணி குடிச்சிட்டு வர்றேன்," என்று எழுந்தாள்.

தண்ணீர்க் குழாயைத் தாண்டினாள். மருந்துக் கூடத்தைத் தாண்டினாள். வாசலுக்கு வெளியே வெயிலில் டாக்சிகள் நின்றிருந்தன. ஒரு டாக்சியின் கதவையும் திறந்துவிட்டாள்.

"மானா?" என்றார் டாக்சிக்காரர். எங்கே போகவேண்டும்?

எங்கே? பெர்மாஸ் ஜெயா. வீடு. வீட்டில் ஆப்ரின் இருப்பாள். காரின் பின்பெட்டியில் துண்டில் சுற்றிய அந்த மூட்டை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அதைப் பற்றி மட்டும் அவள் இதுவரை யாரிடமும், ரூபேந்திரனிடம்கூட, சொல்லவில்லை. அந்த எண்ணம் அதற்குப் பிறகும் இரண்டு தடவை வந்திருந்தது. அந்தக் கதவுக்குள் போவதற்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் இந்த எண்ணத்தை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், பிள்ளையோடு தனியாக ஒரு அறையில் நிற்பதை நினைத்ததும் ரத்தம் உறைந்தது.

"மாஆஃப்," என்று டாக்சிக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுக் கதவைச் சாத்தினாள். திரும்பி நடந்தாள். மருந்துக் கூடத்துக்குப் பக்கத்தில், அவளைத் தேடிக்கொண்டு ஓடிவந்த சுப்ஹான் மேல் முட்டிக்கொண்டாள். அவன் அவளுக்குப் பக்கத்தில் நடந்தான்.

மனநல மருத்துவர் ஷர்மினிக்கு நாற்பது வயது இருக்கும். மாத்திரையைப் பற்றி எல்லாம் கேட்டுவிட்டு, "வேற எதாவது சொல்லணுமா?" என்றார். எல்லோரிடமும் கேட்கும் கேள்விதான். ஃபரீஹா சுப்ஹானை வெளியே இருக்கச் சொன்னாள். பிறகு கத்தியைப் பற்றிச் சொன்னாள். மாம்பழம், பிடரி, உதிரிச் சக்கரம், எல்லாம். சொல்லிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மணி அடிப்பார்கள். ஆட்கள் வருவார்கள். பிள்ளையை என்னிடமிருந்து எடுத்துவிடுவார்கள்.

மணி அடிக்கவில்லை.

"அந்த எண்ணம் வந்தப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சு?" என்றார் மருத்துவர்.

"செத்துடலாம் போல இருந்துச்சு."

"செய்யணும்னு ஆசையா இருந்துச்சா? செய்யச் சொல்லி யாராவது குரல் கொடுத்தாங்களா?"

"இல்ல! இல்லவே இல்ல டாக்டர். குரல் எதுவும் கேக்கல. அது வந்துறக் கூடாதுன்னுதான் எல்லாத்தையும் ஒளிச்சேன்."

இன்னும் நிறையக் கேட்டார். திருப்பித் திருப்பிக் கேட்டார். கடைசியில் பேனாவைக் கீழே வைத்தார். "ஃபரீஹா, பயம் ரொம்ப அதிகமாகும்போது மனசு இப்படித்தான் செய்யும். நமக்கு எது உயிரோ, அது மேலயே பயங்கரமான படமா காட்டும். உங்கள மாதிரி அம்மாங்க நிறையப் பேர் இதே நாற்காலியில உக்காந்து இதே மாதிரி கண்ண மூடிக்கிட்டுச் சொல்லியிருக்காங்க. எண்ணம் வர்றது வேற, செய்ய நெனைக்கிறது வேற. ஆனா நீங்க சொன்னது ரொம்ப நல்லது. சொன்னாத்தான் வைத்தியம் பண்ண முடியும்."

ஃபரீஹா கண்ணைத் திறந்தாள். "என்னத் தம்போய்க்கு அனுப்புவீங்களா?"

"அனுப்பணும்னா மறைக்காம சொல்லுவேன். அதுவும் ஆஸ்பத்திரிதான், அங்கயும் குணமாகி வீட்டுக்குப் போறாங்க. உங்களுக்கு இங்கயே கொஞ்ச நாள் போதும். மருந்தோட அளவ நிலைப்படுத்தணும். பயமா இருக்கா?"

"ரொம்ப."

"பயத்தோடயே வாங்க. பரவாயில்ல," என்றார் ஷர்மினி.

சிவப்பு விளக்குக் கதவு அவளுக்குப் பின்னால் பூட்டிக்கொண்டபோது வந்த நடுக்கத்தை அவள் பிறகு யாருக்கும் விவரிக்க முயன்றதில்லை. உள்ளே ஒரு வராண்டா, கட்டில்கள், பொதுவான சாப்பாட்டு மேஜை. ஃபரீஹா வந்த முதல் நாளே ஒரு பெண் அவளுடைய சோப்பை எடுத்துக்கொண்டாள். இன்னொருத்தி, தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்தவள், சாப்பிடும்போது கை நடுங்கிய ஃபரீஹாவின் கிண்ணத்தைப் பேசாமல் பிடித்துக்கொண்டாள். அவள் பெயர் மலர். அவளை அங்கே கொண்டுவந்தது சாராயம். தன் பையன் கல்யாணத்தில் மயங்கி விழுந்ததை அவள் சொன்னபோது, தன் கதையை இன்னொருவர் வாயில் கேட்பதுபோல ஃபரீஹாவுக்கு இருந்தது.

வேறு ஒரு மருந்துக்கு மாற்றினார்கள். மெதுவாக உடம்பிலிருந்து இறங்கும் வகை. எவ்வளவு, எப்போது என்று அவர்களே கொடுத்தார்கள். ஓர் உளவியலாளர் தினமும் உட்கார்ந்து, பயம் வரும்போது அதோடு சண்டை போடாமல் எப்படி இருப்பது என்று சொல்லிக்கொடுத்தார். முதலில் அது அவளுக்குச் சுத்தப் பேத்தலாகத் தெரிந்தது. பயத்தோடு எப்படிச் சும்மா இருப்பது? நெருப்போடு சும்மா இருக்கச் சொல்வதுபோல அல்லவா இது?

வீடு திரும்பிய பிறகுதான் கஷ்டமே ஆரம்பித்தது. சுப்ஹான் அடக்கி வைத்திருந்த கோபம் ஒருநாள் வெடித்தது. "எம்புள்ள செத்திருக்கும்!" என்று கத்தினான், பிறகு குளியலறைக்குள் போய் அழுதான். மாத்திரைகளை அவனே வைத்திருந்து எடுத்துக் கொடுத்தான். அவளுக்கு அது அவமானமாகவும் இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது. வண்டி ஓட்டக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்ததால், ஆப்ரினைப் பள்ளிக்கு அவனே கொண்டுபோனான். ஆப்ரின் தாயிடம் வருவதற்கு முன் கதவோரம் நின்று முகத்தைப் பார்ப்பாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் ஃபரீஹாவுக்கு நெஞ்சு கிழியும். கூப்பிட மாட்டாள், காத்திருப்பாள். ஒருநாள் பிள்ளை தானாகவே வந்து மடியில் படுத்தது.

ஒவ்வொரு தடவை மருந்தைக் குறைக்கும்போதும் அந்த வாரம் நரகமாக இருந்தது. ஒருநாள் கடையில் கூட்டமான மத்தியான வேளையில், பழைய ஆள் திரும்ப வந்து நெஞ்சில் உட்கார்ந்தான். மூச்சு போனது. விரல் மரத்தது. பின்னாலிருந்த சரக்கு அறைக்கு ஓடி, அரிசி மூட்டையில் உட்கார்ந்து, "வந்திருக்க, சரி. இருந்துட்டுப் போ," என்று முணுமுணுத்தாள். அவளால் அதை நம்ப முடியவில்லை, ஆனாலும் சொன்னாள். வெளியே சுப்ஹான் கதவருகே நின்று, "நான் இங்கதான் இருக்கேன்," என்றான். உள்ளே வரவில்லை, வரக் கூடாது என்று அவனுக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அது போக வெகுநேரம் பிடித்தது. ஆனால் மாத்திரை இல்லாமலே போனது. அது அப்படிப் போகும் என்பதே இத்தனை வருடத்தில் அவளுக்குத் தெரியாமல் இருந்தது.

அடுத்த மாதம் மருத்துவரைப் பார்க்கக் கடையை விட்டுவர சுப்ஹானால் முடியவில்லை. காதர் பீவிதான் கூட வந்தாள். பஸ்ஸில் தஸ்பீஹ் மணிகளை உருட்டிக்கொண்டே வந்தாள். உள்ளே ஷர்மினி அளவை மறுபடியும் குறைத்தார்.

கிளம்ப எழுந்தபோது காதர் பீவி எழுந்திருக்கவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, "டாக்டர், ஒரு விஷயம்," என்றாள். "சுப்ஹானோட வாப்பா மவுத்தாப் போனதுல இருந்து எனக்கும் தூக்கமில்ல. படுத்தா அவரு மூச்சு வாங்குற சத்தம் கேக்குது. யார்கிட்டயும் சொன்னதில்ல. எம்மவனுக்கும் தெரியாது."

இந்த மனுஷிக்கு உலகத்தில் எதுவும் பயமில்லை என்றுதான் ஃபரீஹா கல்யாணமான நாளிலிருந்து நினைத்திருந்தாள்.

"உக்காருங்கம்மா," என்றார் ஷர்மினி. "மெதுவாப் பேசலாம்."

"மாமி, நான் வெளிய இருக்கவா?" என்று ஃபரீஹா கேட்டாள்.

காதர் பீவி யோசித்தாள். "ஆமா. ஆனா பக்கத்துலயே இரு. எங்கயும் போயிடாத புள்ள."

ஃபரீஹா கதவைச் சாத்திக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். குறைந்த அளவோடு வரப்போகும் வாரத்தை நினைத்ததும் நெஞ்சு லேசாக அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. அவள் எழுந்திருக்கவில்லை. உள்ளே மாமியாரின் குரல் தயங்கித் தயங்கிப் பேசிக்கொண்டிருந்தது.